மங்கிப்போன தாய்மாமன்

தம்பிகளே, தங்கைகளே,

ஸ்டூடியோவை மூடிவிட்டு வீட்டில் உட்கார்ந்திருப்பவனிடம் கேட்டால் யோசனை இலவசமாகக் கிடைக்கும் என்று யாரோ உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். கம்பத்திலிருந்து ஒருவர், தேவதானப்பட்டியிலிருந்து ஒருவர் என்று மாற்றி மாற்றிப் போன் செய்கிறீர்கள். கேள்வி மட்டும் மாறுவதில்லை. "அண்ணே, கேமராவ மாத்தலாம்னு இருக்கேன். ஃபுல் ஃப்ரேமுக்குப் போயிரவா, இல்ல க்ராப்லயே நல்லதா ஒண்ணு வாங்கவா?"

கேமராவுக்குள் வெளிச்சத்தை வாங்கிக்கொள்ளும் சில்லு பெரிதாக இருந்தால் ஃபுல் ஃப்ரேம், கொஞ்சம் சிறிதாக இருந்தால் க்ராப். வித்தியாசம் அவ்வளவுதான். இந்த விரற்கடை வித்தியாசத்துக்காக நான் ஒரு குடும்பத்தை உடைக்கப் பார்த்தேன். அதைச் சொல்கிறேன். கேட்டுவிட்டு நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

சின்னமனூரில் என் ஸ்டூடியோ ஓடிக்கொண்டிருந்த காலம். என்னிடம் ஒரு க்ராப் கேமரா இருந்தது. கல்யாணம், காதுகுத்து, சடங்கு, புதுவீடு என்று எல்லாவற்றையும் அது பார்த்துவிட்டது. ராயப்பன்பட்டி சர்ச் கல்யாணங்களில் பீடத்துக்குப் பக்கத்தில் நம்மை விடமாட்டார்கள். கடைசித் தூணோரம் நின்று எடுப்பேன். சில்லு சிறிதாக இருப்பதால் அதே லென்ஸில் ஆள் இன்னும் கிட்டே வந்து நிற்பார். மோதிரம் மாற்றுவது பளிச்சென்று கிடைக்கும். அந்தக் கேமரா மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

குறையைக் கண்டுபிடித்தது கம்பத்தில் ஒரு நிக்காஹ். மாப்பிள்ளையின் சிநேகிதன் ஒருவன் மலைக்கு அந்தப் பக்கமிருந்து வந்திருந்தான். கழுத்தில் பெரிய கேமரா. என் கேமராவை மரியாதையாகத்தான் பார்த்தான். மரியாதையாகத்தான் கேட்டான். "சேட்டா, இது க்ராப் அல்லே?"

நான் ஆமாம் என்றேன். அவன் "குழப்பமில்லா" என்று சொல்லி என் தோளைத் தட்டிவிட்டுப் போனான். மலையாளத்தில் பரவாயில்லை என்று அர்த்தம். வயதில் என் மகனாக இருக்க வேண்டியவன் எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போகிறான். அதற்குப் பிறகு பிரியாணி இறங்கவில்லை. பொய் சொல்லக் கூடாது, இறங்கியது. ருசிக்கத்தான் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் பெரிய கேமரா வாங்கப்போவதாகச் சொன்னேன். ஸ்டூடியோவில் ஆல்பம் வடிவமைப்பது அவள்தான். நான் எடுத்ததையெல்லாம் கம்ப்யூட்டரில் பார்த்துப் பார்த்து என் லட்சணம் அவளுக்கு அத்துபடி.

"எதுக்கு?" என்றாள்.

"இருட்டுல நல்லா விழும்."

"மண்டபத்துல போடுற லைட்டுக்கு நமக்கே கண்ணு கூசுது. இருட்டு எங்கன இருக்கு?"

பதில் இல்லாதபோது ஆண்கள் என்ன செய்வோமோ அதைச் செய்தேன். மதுரைக்குப் பஸ் ஏறினேன்.

கேமராவை வாங்கி வந்து, கையில் இருந்த பழைய லென்ஸ் ஒன்றை மாட்டிப் பார்த்தேன். நான்கு மூலையிலும் கருப்பு. கிணற்றுக்குள்ளிருந்து வானத்தைப் பார்க்கிற மாதிரி இருந்தது. ஓட்டைக் கேமராவைத் தலையில் கட்டிவிட்டான் என்று மறுநாளே மதுரைக்குப் போய்ச் சண்டை போட்டேன். கடைக்காரர் சிரிக்காமல் இருக்க மிகவும் பாடுபட்டார். "சார், அது க்ராப்புக்குச் செஞ்ச லென்ஸ். பெரிய சில்லுக்கு அதோட வட்டம் பத்தாது" என்றார். எனக்குத் தெரியாதா என்ன என்பதுபோல் தலையாட்டிவிட்டு ஒரு புது லென்ஸையும் வாங்கிக்கொண்டு வந்தேன். நன்றாகத் திறக்கும் லென்ஸ். முழுக்கத் திறந்து வைத்து ஒருவர் கண்ணில் ஃபோகஸ் செய்தால், கண் மட்டும் இருக்கும். காதில் தொடங்கி உலகம் கரைந்துவிடும்.

அதைப் பார்த்தவுடன் எனக்குக் கிறுக்குப் பிடித்தது. எதைக் கண்டாலும் கரைத்தேன். தெருவைக் கரைத்தேன், மலையைக் கரைத்தேன், டீக்கடைக்காரரைக் கரைத்தேன். காய்ஞ்ச மாடு கம்பில் விழுந்த கதைதான்.

அந்தச் சமயத்தில்தான் செல்வராணி வீட்டுக் காதுகுத்து வந்தது.

செல்வராணிக்கு ஒரே அண்ணன், தவமணி. திராட்சைத் தோட்டக்காரர். அவருக்கும் செல்வராணியின் புருஷன் பாண்டிக்கும் தோட்டம் அடுத்தடுத்து. தோட்டத்துக்குள் டிராக்டர் போகிற பாதை யாருடையது என்பதில் சண்டை வந்து பேச்சு நின்றுபோனது. செல்வராணிக்கு வளைகாப்பு நடந்தபோது தவமணி வரவில்லை. குழந்தை பிறந்தபோதும் வரவில்லை. எங்கள் பக்கம் தாய்மாமன் மடியில் உட்காராமல் குழந்தைக்குக் காது குத்த முடியாது. வேறு யாராவது உறவுக்காரரை மாமன் முறைக்கு உட்கார வைத்துவிடலாம் என்று பாண்டி வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். செல்வராணி ஒரே பிடியாக நின்றுவிட்டாள். "எங்க அண்ணன் மடி இருக்கு. எப்ப வாராரோ அப்பக் குத்துவோம்." குழந்தை தவழ்ந்து, நடந்து, பேசவும் தொடங்கிவிட்டது. காது மட்டும் மூளியாகவே இருந்தது.

கடைசியில் தவமணி வந்தார். மேளம் முன்னால் போக, தட்டுத்தட்டாகச் சீரோடு ஆற்றங்கரைக் குலதெய்வக் கோவிலுக்கு வந்து இறங்கினார். பாண்டி வாசலில் நின்று கை கூப்பினார். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. ஆனாலும் ஒரே பாயில் உட்கார்ந்தார்கள். ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். லென்ஸை முழுக்கத் திறந்து எடுக்கும்போது இம்மி அசைந்தாலும் ஃபோகஸ் போய்விடுமல்லவா.

மொட்டைத் தலையில் சந்தனத்தோடு குழந்தை மாமன் மடியில் இருந்தது. பாண்டி முன்னால் சாய்ந்து அதன் கையைப் பிடித்துக்கொண்டார். ஆசாரி ஊசியை ஏற்றினார். குழந்தை வீறிட்டது. கன்னத்தில் ஒரு சொட்டுக் கண்ணீர் உருண்டது. நான் அந்தச் சொட்டைப் பிடித்தேன். தம்பிகளே, அப்படி ஒரு சொட்டை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். அதற்குள் வேப்பமரம் தெரிந்தது. என் தொழிலிலேயே நல்ல படம் இதுதான் என்று அங்கேயே எனக்கு நானே மாலை போட்டுக்கொண்டேன்.

ஆல்பம் போடும்போது மனைவி அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"புள்ளைக்குப் பின்னாடி இருக்கது யாரு?"

"தாய்மாமன்."

"மூஞ்சியக் காணோமே."

"அதுதான் இதுல அழகே. பார்க்கிறவங்க கண்ணு நேரா புள்ளைகிட்டப் போகும். உனக்குப் புரியாது."

"எனக்குப் புரிய வேணாம். அவுகளுக்குப் புரியுமா?" என்றாள். நான் காதில் வாங்கவில்லை. அந்தப் படத்தையே பெரிய சட்டம் போட்டு, என் பரிசாக, ஆல்பத்தோடு சேர்த்துக் கொடுத்தேன். செல்வராணி பிள்ளையின் முகத்தைப் பார்த்துப் பூரித்துப்போனாள். வேறு எதையும் அவள் அப்போது பார்க்கவில்லை. கூடத்தில் மாட்டிவிட்டு அண்ணனை விருந்துக்கு அழைத்தாள்.

அடுத்து நடந்ததை அவள் வாயாலேயே கேட்டேன். சட்டம் போட்ட படத்தை ஆட்டோவில் தூக்கி வந்து, என் மேசை மேல் வைத்துவிட்டு, குழந்தையை இடுப்பில் வைத்தபடி நின்றாள். அழுது முடித்துவிட்டு வந்த முகம்.

"போட்டோக்காரண்ணே, எங்க அண்ணன் சோத்துல கை வச்சுட்டு நிமுந்து இதப் பாத்தாரு. எந்திரிச்சுக் கிட்டப் போயிப் பாத்தாரு. 'மாப்ள, உன் மூஞ்சி பளபளன்னு இருக்கு. என் மூஞ்சிய மட்டும் கம்ப்யூட்டர்ல வச்சு அழிக்கச் சொன்னியா?'ன்னு கேட்டாரு."

"உங்க வீட்டுக்காரர் இல்லைன்னு சொல்லியிருக்கலாமே?"

"அந்த மனுசனுக்கு வாயில சனி. 'ஆமா, நாந்தான் அழிக்கச் சொன்னேன், இப்ப என்னாங்கிற?'ன்னுட்டாரு. எங்க அண்ணன் எலையில தண்ணியத் தெளிச்சுட்டுப் போயிட்டாரு. வார முகூர்த்தத்துல அவுக புதுவீடு பால் காய்ச்சுறாக. நான் போகக்கூடாதாம். பெரியப்பா மகள வச்சுப் பால் காய்ச்சிக்கிருவாகளாம். கூடப் பொறந்தவ நான் உசுரோட இருக்கேன்ணே."

படத்தைப் பார்த்தேன். வேப்பமரம் தெரியும் அந்தக் கண்ணீர்ச் சொட்டு. குழந்தைக்கு நேராக முன்னால் சாய்ந்திருந்ததால் பாண்டியின் முகத்தில் சவரம் செய்த காயம்கூடத் தெரிந்தது. பின்னால் தலைப்பாகை கட்டிய ஒரு மூட்டம். பார்த்தவர் சந்தேகப்படாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

ஆல்பத்தைப் புரட்டினேன். மேளத்தில் ஃபோகஸ், தவமணி மூட்டம். சீர்த்தட்டு மாதுளையில் ஃபோகஸ், தவமணி மூட்டம். ஒரு மனுஷனை இவ்வளவு சிரத்தையாக அழிக்க வேண்டுமென்று திட்டம் போட்டிருந்தால்கூட எனக்குக் கைவந்திருக்காது.

செல்வராணியை உட்கார வைத்துவிட்டுக் கம்ப்யூட்டரில் ஏதாவது செய்ய முடியுமா என்று பார்த்தோம். மங்கிய முகத்தைக் கூர்மையாக்கினால் கூர்மையான மங்கல்தான் வந்தது. அப்போதுதான் எல்லாவற்றுக்கும் ஏஐ வரத் தொடங்கியிருந்தது, அதில் போட்டேன். அது ஒரு நொடியில் தவமணிக்கு முகம் கொடுத்தது. சிவப்பாக, வரிசையான பல்லோடு, சிரித்த முகம்.

மனைவி எட்டிப் பார்த்தாள். "யாரு இது? பாண்டியோட சித்தப்பாவா?"

"தூரத்திலிருந்து பார்த்தா தவமணி மாதிரிதான் இருக்கு" என்றேன்.

"மூஞ்சிய அழிச்சதுக்கே இந்தப் பாடு. மாத்தி வேற வச்சா அருவாளத் தூக்கிட்டு வருவாக. நீங்க பண்ணுன கூத்த நீங்களே போய்ச் சொல்லுங்க. அந்தக் கேமராவையும் எடுங்க. ஏத்தா செல்வராணி, நீயும் கெளம்பு."

"அந்த வாசல்ல நான் மிதிக்கமாட்டேன்" என்றாள் செல்வராணி.

"மிதிக்க வேணாம். கார்ல உக்காந்திரு."

மேகமலை அடிவாரத்தில் தவமணியின் தோட்டம். கொடிப் பந்தலுக்கு நடுவே புதுவீடு. பெயின்ட் வாசனை. பெண்கள் இருவரையும் வாடகைக் காரிலேயே விட்டுவிட்டு நான் மட்டும் இறங்கிப் போனேன். தவமணி என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் நாற்காலியை இழுத்துப் போட்டார். ஒரு தட்டில் பன்னீர்த் திராட்சையும் வந்தது. கோபத்தில் இருந்தாலும் வந்தவனுக்குத் தின்னக் கொடுத்துவிட்டுத்தான் திட்டுவார்கள்.

"சொல்லுங்க ஸ்டூடியோக்காரரே. எம்புட்டுக் கேட்டான் எங்க மாப்ள, என்னைய அழிக்க?"

"அவர் ஒண்ணும் சொல்லலைங்க. நாந்தான். புதுக் கேமரா, புது லென்ஸ். ஒரு ஆளு தெளிவா விழுந்தா பின்னாடி இருக்கிறவர் மங்கிருவாரு. அழகா இருக்கும்னு நெனச்சு எடுத்தேன்."

"அழகாவா?"

"ஆமாங்க."

"என் மூஞ்சி இல்லாம இருக்கது ஒமக்கு அழகு?"

அதற்கு மேல் நான் பேசப்பேசக் கெட்டது. சில்லின் அளவைச் சொன்னேன். லென்ஸின் திறப்பைச் சொன்னேன். அவர் ஒரு திராட்சையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "மாட்டு வியாபாரத்துல நானும் இப்பிடி நெறையப் பேசியிருக்கேன். ஒரே பாயில உக்காந்த ரெண்டு பேருல ஒருத்தன் மட்டும் எப்பிடியா மங்குவான்?" என்றார்.

பேச்சில் ஆகாது என்று தெரிந்தது. "கொஞ்சம் நில்லுங்க, எடுத்தே காட்டுறேன்" என்று கேமராவை வெளியே எடுத்தேன். என்ன நினைத்தாரோ, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பந்தலுக்கு முன்னால் விறைப்பாக நின்றார். லென்ஸை முழுக்கத் திறந்தேன். அவர் கண்ணில் ஃபோகஸ் செய்து அழுத்தினேன். கேமராவின் திரையை அவரிடம் காட்டினேன்.

உற்றுப் பார்த்தார். "மூக்கு மருவு கூடத் தெரியுது" என்றார். கொஞ்சம் திருப்தி போலத்தான் இருந்தது. பிறகு விரலால் அவர் தோளுக்குப் பின்னால் தொட்டார். "இந்தப் பச்சை என்னது?"

"கொடியா இருக்கும்."

"கொடி எந்த ஊருல புள்ளைய இடுப்புல வச்சிருக்கும்?"

திரும்பிப் பார்த்தார். நானும் பார்த்தேன். பந்தலின் அந்தக் கோடியில், பச்சைச் சேலையில், குழந்தையை இடுக்கிக்கொண்டு செல்வராணி நின்றிருந்தாள். என் மனைவி காரிலிருந்து இறக்கிவிட்டிருக்கிறாள். அவளை வேண்டுமென்றே பின்னால் வைத்து எடுத்தது என் சாமர்த்தியம் என்று சொல்லிக்கொள்ள ஆசையாகத்தான் இருக்கிறது. உண்மை என்னவென்றால், அவள் அங்கே நின்றதை நான் கவனிக்கவே இல்லை. இவ்வளவுக்குப் பிறகும் பின்னால் நிற்பவர் என் கண்ணில் படவில்லை.

தவமணிக்குக் கோபம் தலைக்கேறியது. "எந் தங்கச்சிய என்னத்துக்குயா இப்பிடி அழிச்சு வச்சிருக்கீரு? நின்னது ஒமக்குக் கண்ணு தெரியலையா?"

"நான் அழிக்கலைங்க. உங்களுக்குப் பின்னாடி நின்னுச்சு, மங்கிருச்சு. அன்னைக்கு நீங்க புள்ளைக்குப் பின்னாடி இருந்தீக, மங்கிட்டீக. அவ்வளவுதாங்க."

அவர் திரும்பவும் திரையைப் பார்த்தார். கட்டை விரலால் அந்தப் பச்சையைத் துடைத்தார், துடைத்தால் தெளிந்துவிடும் என்பதுபோல. பிறகு யாரையும் பார்க்காமல் சொன்னார்.

"படம் மங்குனதுல ஒண்ணுமில்லயா. அன்னைக்கு நான் அழுதேன். ஊசி ஏறுறப்ப அது என் விரலப் புடிச்சுக்கிருச்சு. மீசைய வச்சுக்கிட்டு ஊரு முன்னாடி அழுதேன். அது படத்துல இருக்கும்னுதான் தேடிப் பாத்தேன்."

பந்தலின் கோடியிலிருந்து செல்வராணியின் குரல் வந்தது. "நீயா அழுத?"

"பின்ன?"

"நான் பாக்கலண்ணே. ஊசியப் பாக்க முடியாம நான் அங்கிட்டுத் திரும்பிக்கிட்டேன். எனக்குத் தெரியவே தெரியாதேண்ணே."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரு குழந்தையின் கண்ணீருக்காக நான் எவ்வளவோ மெனக்கெட்டேன். அதற்கு ஒரு சாண் பின்னால் இன்னொரு கண்ணீர் இருந்திருக்கிறது. அதைப் பார்க்கவேண்டியவள் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள். அவளுக்காகப் பார்த்து வைத்திருக்கவேண்டியவன் நான். அதற்குத்தான் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். இப்போது மறுபடி அழுங்கள் என்றா கேட்க முடியும்?

கேட்க வேண்டியிருக்கவில்லை. அவர் கண் கலங்கித்தான் இருந்தது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஏத்தா, அங்கன என்ன வேடிக்கை? இங்கன வா. முன்னாடி வந்து நில்லு" என்றார்.

அவள் வந்து நின்றாள். குழந்தை மாமனின் மீசையை நோக்கிக் கையை நீட்டியது. காதில் அவர் போட்ட தோடு. நான் அவசரமாகக் கேமராவைத் தூக்கினேன். அதற்குள் மனைவி என் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டு, தன் பையிலிருந்து பழைய க்ராப் கேமராவை எடுத்துக் கொடுத்தாள். "நீங்க பதட்டத்துல இருக்கீக. இதுல எடுங்க. இதுல உங்களுக்குக் கெடுக்கத் தெரியாது" என்றாள். அதில் எடுத்தேன். மூன்று பேரும் தெளிவாக விழுந்தார்கள். பின்னால் பந்தலில் தொங்கிய ஒவ்வொரு குலையும், பெயின்ட் டப்பாவும், நான் கழற்றி விட்ட செருப்பும் தெளிவாக விழுந்தன. என் ரசனைப்படி அது குப்பைப் படம். இன்றும் இரண்டு வீட்டுக் கூடத்திலும் அதுதான் மாட்டியிருக்கிறது.

புதுக் கேமராவின் மேல் பழி போடாதீர்கள். திறப்பைக் குறைத்து வைத்திருந்தால் அதுவும் அத்தனை பேரையும் கொடுத்திருக்கும். இருட்டிய நேரத்தில் அது எனக்குப் பலமுறை கைகொடுத்தது. வாங்குகிறவர்கள் வாங்குங்கள். கையில் இருப்பதே போதும் என்று இருப்பவர்கள் அப்படியே இருங்கள். மலைக்கு அந்தப் பக்கத்து ஆள் ஒருவன் தோளைத் தட்டினான் என்பதற்காக மட்டும் வாங்காதீர்கள்.

முகூர்த்தத்தன்று புதுவீட்டில் செல்வராணிதான் பால் காய்ச்சினாள். பெரிய கேமராவைத்தான் கொண்டுபோயிருந்தேன், திறப்பைச் சுருக்கி வைத்துக்கொண்டு. பால் பொங்கி வந்தது. குலவை போட்டார்கள். நான் அழுத்தினேன். தவமணி அடுப்பை விட்டு நேராக என்னிடம் வந்தார்.

"காட்டுங்க பாப்போம். எல்லாரும் தெரியிறாகளா?"

கேமராவைக் கொடுத்தேன். திரையில் ஒவ்வொரு முகமாகத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். தங்கை. அவர் மனைவி. குழந்தை. பெரியப்பா மகள். கடைசியில், எல்லோருக்கும் பின்னால், கதவு நிலையோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்ற பாண்டியிடம் விரல் வந்து நின்றது.

"எங்க மாப்ள மொறைக்கிறது கூடத் தெளிவா விழுந்திருக்கு" என்றார். "இதுதான்யா படம்." கேமராவை என்னிடம் கொடுத்துவிட்டு, ஒரு டம்ளரில் பாலை ஊற்றிக்கொண்டு கதவுப் பக்கம் போனார்.